மரியரட்ணத்தின் புள்ளிக்கோடு

மரியரட்ணத்துக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆளின் வாயிலிருந்து ஒரேயொரு பேச்சு வரவேண்டியிருந்தது. ஆள், கனடாவில் பிக்கரிங்கில் இருந்த மனைவியின் தமையன் ஜூலியஸ். பேச்சு, "நீங்கள் நல்ல பகுதிதான்", அதாவது நல்ல குடும்பத்து ஆட்கள்தான், என்பது. கலியாணம் கட்டி நாற்பது வருடமாகியும் அது வரவில்லை. வராததோடு, வரமாட்டேன் என்று பல்லையும் இளித்துக் காட்டியது.

கதை யாழ்ப்பாணத்தில், கலியாணம் பேசப் போன அன்று தொடங்கியது. மரியரட்ணமும் அன்ரனெற்றும் ஒரே கோயிலில் பாடகர் குழுவில் பாடியவர்கள். பாட்டோடு பார்வையும் சேர்ந்து, அது வீடுகளுக்கும் தெரிந்து, கடைசியில் இரண்டு பக்கமும் முறையாக இருந்து பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. மரியரட்ணத்தின் ஆட்கள் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அன்ரனெற்றின் ஆட்களோ தங்கள் பரம்பரையைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது, அதற்குப் பிறகு ஜூலியஸ் வந்து எதிரே அமர்ந்தார். அன்றைக்கு அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. குரலுக்கு மட்டும் அறுபது.

"உங்கடை தகப்பன் பிரான்சிஸ் சரி. அவற்றை தகப்பன் ஆர், ஐயா?" என்று மரியரட்ணத்தின் தகப்பனைக் கேட்டார்.

தகப்பன் கோப்பையைப் பார்த்தபடி, "அவர் மலாயாவிலை ரெயில்வேயிலை இருந்தவர், தம்பி. அங்கையே காலமாயிட்டார்" என்றார்.

"மலாயா!" என்றார் ஜூலியஸ். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தக் காலத்தில் தகப்பன் பெயர் தெரியாத வீடுகளெல்லாம் அந்தத் தகப்பனை மலாயாவுக்குத்தான் அனுப்பிவைத்தன என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தகப்பன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சாகும்வரை அந்தக் கதையை எடுக்கவுமில்லை.

அதன் பிறகு மாதக்கணக்காக ஒரு பதிலும் வரவில்லை. சம்பந்தம் குழம்பிவிட்டது என்று மரியரட்ணம் சோர்ந்துபோயிருந்த நேரத்தில் அன்ரனெற்றின் தகப்பன் திடீரென்று சம்மதம் சொல்லி ஆளனுப்பினார். கிழவன் ஏன் மனம் மாறினார் என்று மரியரட்ணம் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. தன்னுடைய சீமெந்துத் தொழிற்சாலை உத்தியோகத்தைப் பார்த்துத்தான் இறங்கிவந்தார் என்று தானே தீர்மானித்து, தானே பெருமையும் பட்டுக்கொண்டார்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு சீமெந்தும் இல்லை, உத்தியோகமும் இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவினார். யன்னல் செய்கிற தொழிற்சாலையில் கண்ணாடி தூக்கினார். கடைசியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, பனியிலும் சறுக்கலிலும் ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, மரியாதையாக ஓய்வு பெற்றார். வோபர்னில் ஒரு வீடு, மெலிசா என்று ஒரே மகள், அவளுக்கு ஒரு நல்ல வேலை. ஒரு மனிதன் நிமிர்ந்து நடக்க இவ்வளவும் போதும். ஆனால் ஜூலியஸ் வந்து வரவேற்பறைக் கதிரையில் சாய்ந்தால் மரியரட்ணம் மறுபடியும் அந்தத் தேத்தண்ணிக் கோப்பைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்.

ஜூலியஸ் அதற்கு வழிசெய்யாமல் விட்டதுமில்லை. ஆட்டிறைச்சிக் கறி கொஞ்சம் உறைத்தால், "என்ன மரியரட்ணம், மலாயாத் தூளோ?" ஆராவது கோலாலம்பூருக்குப் பயணம் போனால், "இவருக்கு அங்கை கனக்கச் சொந்தம், விசாரிச்சுக்கொண்டு வாரும்." சபை சிரிக்கும். மரியரட்ணமும் சிரித்தமாதிரி உதட்டை இழுப்பார். அன்ரனெற் மட்டும் சிரிக்கமாட்டாள், எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். தமையனை ஒரு வார்த்தை கண்டிக்க அவளுக்கு வாய் வரவில்லையே என்று மரியரட்ணத்துக்கு உள்ளூர ஒரு புகைச்சல்.

தந்தையர் தினம் ஒன்றுக்கு மெலிசா ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். மரபணுச் சோதனைப் பெட்டி. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் எங்கேயிருந்து வந்தோம் என்று சொல்வார்களாம். மரியரட்ணம் வாய் வறளத் துப்பினார். சில வாரங்களில் பதில் வந்தது.

"அப்பா! யூ ஆர் பார்ட் இங்கிலிஷ்!" என்று மெலிசா கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எட்டிலை ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஒரு முழுப் பூட்டன்!"

மரியரட்ணம் கதிரையில் இருந்துவிட்டார். அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற அன்ரனெற்றைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை நிறுத்தவில்லை.

"ஓமே? சரி, சாப்பிடப் போறியளோ, கொஞ்சம் பொறுத்தோ?" என்றாள்.

புருசன் பாதி வெள்ளைக்காரனின் பேரன் என்றால் பெண்சாதிக்கு ஒரு திடுக்கமாவது வரவேண்டாமா? இந்தப் பெண்ணுக்கு எதிலும் ஒரு ஆச்சரியம் கிடையாது என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

சோதனை நடத்தியவர்கள் தூரத்து உறவென்று ஒரு பெயரையும் காட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில், டெவனில் இருக்கும் ஹெலன் என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. மரியரட்ணம் மெலிசாவை வைத்து மின்னஞ்சல் எழுதினார். ஹெலன் அன்பாகப் பதில் போட்டார். அவருடைய பாட்டனாரின் தம்பி ஆர்தர் ஹார்கோம் என்கிற எஞ்சினியர், மன்னாரில் ரெயில் பாதை போட வந்து, காய்ச்சலில் அங்கேயே செத்தவராம். கலியாணம் கட்டாதவராம்.

மரியரட்ணத்தின் பூட்டி, பாட்டன் பிரான்சிஸின் தாய் மதலேனாள், ஒரு வெள்ளைக்காரனின் பங்களாவில் சமைத்தவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே ஒருவரும் கேட்டதில்லை. ஆக, ரெயில்வே உண்மை. மலாயாதான் பொய். ஜூலியஸ் அன்றைக்குச் சிரித்தது சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறார். அதை நினைக்க மரியரட்ணத்துக்கு ஜூலியஸ்மீது ஆத்திரம் பொங்கியது. செத்துப்போன தகப்பன்மீதுகூடக் கோபம் வந்தது.

ஆனால் ஹெலனின் அடுத்த கடிதத்தின் கடைசி வரியில், போகிறபோக்கில், ஒரு சங்கதி இருந்தது. ஹார்கோம் குடும்பம் பழைய பிரபுக்கள் வழியாக மூன்றாம் எட்வேர்ட் ராசாவரைக்கும் போகும் என்று தன் தகப்பனார் சொல்வாராம், தான் அதைச் சரிபார்த்ததில்லையாம்.

ராசா! மரியரட்ணம் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அன்றைக்குப் பிடித்தது வியாதி.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பஸ் பிடித்து, ரெயில் மாறி, நோர்த் யோர்க் நூலகத்தில் போய்க் குந்தினார். இங்கிலாந்துப் பிரபுக்களுக்குப் பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். தகப்பன் வில்லியம், மகன் வில்லியம், மகன் செத்தால் அடுத்த மகனும் வில்லியம். பெண்களுக்கோ பெயரே கிடையாது. 'சேர் ஜோனின் மகள்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். துறவி என்று ஒருவர் வந்தார், அவருக்கு ஏழு பிள்ளைகள். பழைய நிலப் பத்திரங்கள் இலத்தீனில் இருந்தன. சின்ன வயதில் கோயிலில் இலத்தீன் பாட்டுப் பாடிய வாய்தான், ஆனால் பாடியதற்கு அர்த்தம் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

இணையத்தில் தேடினால் இன்னும் மோசம். அவுஸ்திரேலியாவில் ஆரோ ஒருவர் போட்டிருந்த குடும்ப மரத்தில் ஒரு சீமாட்டி தன் தாய்க்கு முன்னரே பிறந்திருந்தாள். திருத்தும்படி மரியரட்ணம் பணிவாக எழுதினார், பிறகு பணிவில்லாமலும் எழுதினார். பதிலே இல்லை. அந்தப் பிழையை நூறு பேர் பார்த்து எழுதி நூறு மரத்தில் ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டு ஏறிய வில்லியம் பிள்ளையே இல்லாமல் செத்தவர் என்று வசந்தத்தில் தெரியவந்தது. மரியரட்ணம் கடதாசிகளை அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டார். அடுத்த நாள் காலையில் அவரே அவற்றைப் பொறுக்கி எடுத்தார்.

ஹெலன் பொறுமைசாலி. அவரிடம் மரியரட்ணம் ஒரு விதியைப் படித்துக்கொண்டார். கலியாணம் நடந்தது நிச்சயம் என்றால் இரண்டு பெயருக்கும் நடுவில் முழுக்கோடு. கலியாணம் இல்லாமல் பிள்ளை என்றால் புள்ளிக்கோடு. அதில் ஒரு இடத்தில் பொய் சொன்னாலும் முழு மரமும் பொய். மலாயாவால் வாழ்நாள் முழுக்க அடிபட்ட மனிதருக்கு அந்த விதி ஞானோபதேசம்போல ஒட்டிக்கொண்டது.

கடைசியில் ஒரு பாட்டியின் வழியாகச் சுற்றிப்போய் ராசாவைப் பிடித்துவிட்டார். போகிற வழியில் ஒரு கோமகனுக்குப் புள்ளிக்கோட்டில் பிறந்த ஒரு மகன் இருந்தான். ஒருவரும் அவனைத் தள்ளிவைக்கவில்லை, நிலம் கொடுத்துப் பிரபுவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மரியரட்ணத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அரண்மனைக்கே குறைவில்லாத புள்ளிக்கோடு மன்னாருக்கு மட்டும் ஏன் குறைவு?

மெலிசா பெரிதாகத் துள்ளவில்லை. "அப்பா, டோன்ட் கெற் மீ றோங். இங்கிலிஷ் ஆக்கள் கிட்டத்தட்ட எல்லாருமே அந்தக் கிங்கிலை இருந்து வந்ததெண்டுதான் சொல்லுகினம். இற்ஸ் ஜஸ்ற் மத்ஸ்."

"எல்லாரும் வந்திருக்கலாம். ஆதாரத்தோடை வந்தது எத்தினை பேர்?" என்று மரியரட்ணம் பாய்ந்தார்.

நாற்பதாவது கலியாண நாள் வந்துகொண்டிருந்தது. ஒரு மண்டபம் எடுத்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, மத்தியானச் சாப்பாடு கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே வைத்து ராசாவை இறக்குவது என்று மரியரட்ணம் தீர்மானித்தார். அன்ரனெற்றிடம் சொன்னபோது அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மலாயாக் கதையிலை என்ன பிழை? ஆருக்கும் கரைச்சல் இல்லாமல் கிடந்தது. உதை விடுங்கோவன்."

"உனக்கென்ன! உன்ரை ஆக்களுக்கு ஆதாம் ஏவாள்வரைக்கும் சொல்ல ஆள் இருக்கு. அண்டைக்குத் தலை குனிஞ்சது என்ரை அப்பா."

அன்ரனெற் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையிலிருந்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

பனர் அடிக்கிற கடை றமேஸினுடையது. பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள், நினைவஞ்சலி, எல்லாவற்றுக்கும் ஸ்காபரோவில் அவன்தான் ஆள் உயரத்துக்குப் படம் அடித்துக் கொடுப்பான். மரியரட்ணம் கொடுத்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, எல்லாருக்கும் பிறந்த வருசம், செத்த வருசம் கிடக்கு. இது ஆற்றையும் செத்தவீட்டுக்கோ?"

"கலியாண நாளுக்கடா!"

"அப்ப சோடியளுக்கு நடுவிலை மோதிரம் போட்டுவிடுறன். வடிவாயிருக்கும்."

"போடு. ஆனால் மேலை இந்தக் கோமகனுக்கும், கீழை ஆர்தர் மதலேனாளுக்கும் மோதிரம் வேண்டாம். புள்ளிக்கோடு போடு."

றமேஸ் கீழே இருந்த சோடியைப் பார்த்தான், மரியரட்ணத்தைப் பார்த்தான். "அண்ணை, குறை நினையாதையுங்கோ. ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு இடத்திலை பொய் எண்டால் முழுக்கப் பொய்!" என்று மரியரட்ணம் மேசையில் தட்டினார். றமேஸ் புள்ளிக்கோடு போட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். சாப்பாடு முடிந்தது, கேக் வெட்டியாயிற்று. மரியரட்ணம் ஒலிவாங்கியைப் பிடித்தார். நன்றி சொல்லி முடித்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, மேடைச் சுவரில் பனரை மூடித் தொங்கிய படுக்கை விரிப்பை இழுத்து விட்டார். உச்சியில் முடியோடு ராசா. அடியில் மரியரட்ணமும் அன்ரனெற்றும் மெலிசாவும். நடுவே ஆறு நூற்றாண்டுக்கு மேலான வில்லியம்கள்.

அவர் பேசினார். எஞ்சினியரைச் சொன்னார், பிரபுக்களைச் சொன்னார், ராசாவைச் சொன்னார். "என்ரை அப்பாவை ஒருக்கால் ஒராள் ஒரு கேள்வி கேட்டவர். இதுதான் பதில்" என்று முடித்தார். சிலர் கைதட்டினார்கள். சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். மரியரட்ணம் ஒருவரையும் பார்க்கவில்லை, முன்வரிசையில் இருந்த ஜூலியஸைத்தான் பார்த்தார்.

ஜூலியஸ் எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பனருக்குக் கிட்டப் போனார். எல்லோரும் ராசாவிலிருந்து கீழே வாசிப்பார்கள் என்றுதான் மரியரட்ணம் நினைத்திருந்தார். ஜூலியஸ் கீழேயிருந்து மேலே வாசித்தார். மரியரட்ணம், தகப்பன், பாட்டன் பிரான்சிஸ். அதற்கு மேலே விரல் நின்றுவிட்டது.

"இதென்ன புள்ளி?"

"அது மச்சான்… கலியாணம் நடக்கேல்லை எண்டால் அப்பிடித்தான் போடவேணும். அங்கை மேலை பாருங்கோ, கோமகனுக்கும் ஒண்டு கிடக்கு."

ஜூலியஸ் மேலே பார்க்கவில்லை. "நடக்கேல்லை எண்டு நிச்சயமோ?"

"நிச்சயம். ஆதாரம் இருக்கு" என்றார் மரியரட்ணம், கெட்டிக்காரப் பிள்ளைமாதிரி.

ஜூலியஸ் சிரிப்பார் என்று சபை காத்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்ற தங்கச்சியிடம் திரும்பினார்.

"அன்ரனெற், நீ அப்பாட்டை அண்டைக்கு என்ன சொன்னனி?"

அன்ரனெற் கேக் கத்தியை மேசையில் வைத்தாள்.

"உன்னைப் படிப்பிச்ச மன்னார் சிஸ்டர் ஒராள் அந்தக் குடும்பத்தை அறிவா, கோயிலிலை வைச்சுக் கட்டின கலியாணம், மனுசன் அதுக்குப் பிறகுதான் மலாயாவுக்குப் போனது எண்டு அந்தோனியார் சுருவத்திலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினனி. அப்பா அதாலைதான் ஓமெண்டவர். வேறை ஒண்டாலையும் இல்லை."

மரியரட்ணத்தின் கையிலிருந்த ஒலிவாங்கி கீச்சிட்டது. சீமெந்துத் தொழிற்சாலை அவருக்குள் சரிந்து விழுந்தது.

"ஓம் அண்ணா. சத்தியம் பண்ணினனான்" என்றாள் அன்ரனெற். "பொய்ச் சத்தியம்."

"தெரிஞ்சோ, தெரியாமலோ?"

"தெரிஞ்சுதான். சிஸ்டர் எனக்கு எல்லாத்தையும் சொன்னவ. அந்த வெள்ளைக்காரன்ரை பேர் மட்டுந்தான் அவவுக்குத் தெரியேல்லை."

ஜூலியஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அது இரண்டு தடவை நழுவியது. "அப்பா சாகேக்கையும் உன்ரை சத்தியத்தை நம்பிக்கொண்டுதான் செத்தவர், பிள்ளை" என்றார். குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு போகிறபோது மரியரட்ணத்துக்கு முன்னால் நின்றார். "நான் உம்மைப் பகிடிதான் பண்ணினனான், மரியரட்ணம். ஆனால் என்ரை தங்கச்சியின்ரை சொல்லை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை." அவரோடு அவர் வீட்டாரும் எழுந்து போனார்கள். மற்றவர்கள் மெல்ல மெல்ல ஐஸ்கிரீம் பக்கம் நகர்ந்தார்கள். நாற்பது வருடமாகக் காற்றில் திரிந்த ஒரு ஊகத்தை ஆள் உயரத்துக்கு அடித்து, ஆதாரத்தோடு சுவரில் மாட்டியது வேறு ஒருவரும் இல்லை.

மண்டபத்தை மெலிசாவிடம் விட்டுவிட்டு இருவரும் காருக்கு வந்தார்கள். சுருட்டிய பனர் பின்னால் அடங்கவில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவால் முன் கண்ணாடிவரை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் அன்ரனெற், இந்தப் பக்கம் மரியரட்ணம். அவருக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆர்மீது கோபம் என்றுதான் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமெண்டால் என்னட்டை ஏன் சொல்லேல்லை? ரெண்டு வருசமாய் நாய்படாப்பாடு பட்டனே! குசினிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தனி!"

"உங்கடை அப்பா அண்டைக்குத் தலை குனிஞ்சதை நான் கதவுச்சீலைக்குப் பின்னாலை நிண்டு பாத்தனான்" என்றாள் அன்ரனெற். "பாத்துப்போட்டு அந்த மனுசனை இன்னொருக்கால் குனிய வைக்க எனக்கு மனம் வரேல்லை. உங்களையும்தான்."

மரியரட்ணம் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. "ஜூலியஸ் ஒருக்கால் சொல்லவேணும் எண்டுதான்… நாங்கள் நல்ல பகுதி எண்டு…"

"நீங்கள் என்ன பகுதியெண்டு எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் நான் உங்களைக் கட்டினனான். அது உங்களுக்குப் போதாமல் போச்சு."

அவர் திரும்பினார். பனர் மறைத்தது, அவள் முகம் தெரியவில்லை. அவள் கைப்பைக்குள் தேடிக் கைபேசியை எடுத்துத் தமையனின் இலக்கத்தை அழுத்துவது மட்டும் கேட்டது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடியும் அழுத்தினாள்.